இரண்டு விரல் கத்தரி

மார்ச்சுத் திங்கள் 4

அன்புத் தங்கைக்கு,

என் தொண்டை நலம். தறி ஓட்டும் உன் கைகள் நலமா?

நான் எழுதிய 'ஊமைகள் எழுந்தனர்' நாடகம் அடுத்த திங்கள் பத்தாம் நாள் அரங்கேறுகிறது. வறுமையில் வாடும் நெசவாலைத் தொழிலாளர் முதலாளியை எதிர்த்து எழுகிறார்கள். ஓடும் தறிகளின் நடுவே நின்று நாயகி முழங்குகிறாள்: "ஆயிரம் முழம் நெய்தோம், அரை முழம் எமக்கில்லை!" நான்கு பக்க முழக்கம். படி இணைத்துள்ளேன்.

சென்ற இரு நாடகங்களுக்கும் நீ வரவில்லை, காரணமும் உரைக்கவில்லை. முன்வரிசையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் இடம் வைத்துள்ளேன். இம்முறையும் அவ்விடங்கள் வெறுமையாய்க் கிடந்தால், அண்ணனே வேண்டாம் என்கிறாய் எனக் கொள்வேன்.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு இருமல் குறைந்ததா?

உங்கள் காட்சியை இடைவேளையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தறிக்குப் பாவு நூல் பூட்டும் அக்கா கேட்டாள்: "ஏன்டி, நாலு பக்கம் பேசறாளே, தறி ஓடுதா நிக்குதா?"

"ஓடுதுக்கா."

"அப்ப யாருக்குடி கேக்கும்?"

ஒரே சிரிப்பு. இருநூறு தறி ஓடும் கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, அண்ணா. நாங்கள் கையால்தான் பேசுகிறோம். மீசையை முறுக்கினால், மேலாளர் வருகிறார். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினால், இழை அறுந்தது, தறியை நிறுத்து. போன ஆண்டு வேலைநேரத்தைக் கூட்டியபோது இந்தக் கத்தரிதான் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனது. இருநூறு தறியும் நின்றன.

மறுநாள் எங்களுக்காகப் பேச வந்தீர்கள். "இந்த ஊமைகளின் வாயாக வந்திருக்கிறேன்" என்றீர்கள். ஒரே கைதட்டல். நான் மேடைக்குக் கீழே நின்றிருந்தேன். முதலில் ஆடிய இரண்டு விரல் என்னுடையவை.

தங்கை

மார்ச்சுத் திங்கள் 15

அன்புத் தங்கைக்கு,

என்னை எதிர்த்துப் பேசியோர் பலர். வாயடைக்கச் செய்தவள் நீ ஒருத்தியே.

நான்கு பக்கத்தையும் கிழித்தேன். நாயகி வெகுண்டாள்: "என்னண்ணே, வசனமெல்லாம் போச்சா? நான் மரமாட்டம் நிக்கவா?" "இல்லையம்மா, இரண்டு விரலை மட்டும் ஆட்டு" என்றேன். தலைப்பும் மாறிற்று.

மன்னிப்புக் கேட்கச் சொல் தேடுகிறேன், கிடைக்கவில்லை. வா.

அண்ணன்

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வாசலில் 'இரண்டு விரல் கத்தரி' என்று பலகை பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஆலையிலிருந்து வந்த நாங்கள் நாற்பது பேர் முன்வரிசையில் அடங்கமாட்டோம். அதனால் பின்னால் உட்கார்ந்தோம். நாயகி விரலை ஆட்டினாள். தறிச் சத்தம் நின்றது. பாவு பூட்டும் அக்கா தன்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டாள்.

பிறகு நீங்கள் ஒலிவாங்கி முன் வந்து, வழக்கம்போல் மீசையை முறுக்கினீர்கள். நாற்பது பேரும் மேலாளரைத் தேடி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தோம்! அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்து இல்லை, நம்புங்கள்.

நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேனே, அதற்கு, "நாடகம் கொஞ்சமாத்தான் பிடிச்சிருக்கு போல" என்று அண்ணியிடம் புலம்பினீர்களாம். ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். இந்த மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோம். முதல் பாடம் இப்போதே.

சேர்த்த அந்த விரல்களுக்குப் பொருள்: அறுந்த இழையை முடிச்சிட்டாயிற்று. தறி ஓடலாம்.

உங்கள் தங்கை