இடம் விட்ட கடவுளும் மூன்று ஏக்கர் நிலமும்

தென்கரை,
பாபநாசம் வழி,
17-2-1972

அன்பு மகள் பிரகதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும், போன மாதம் கன்று போட்ட சிவப்பியும் சௌக்கியம். நீ அந்த லீட்ஸ் குளிரில் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் நன்றாகிவிடு. மூலையில் பிள்ளையார் சுழி பொடியாக இருக்கும், தேடிப் பார். பெரிதாகப் போட்டால் உன் அப்பா பகுத்தறிவுப் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

சம்பா அறுவடை முடிந்து உளுந்து முளைத்திருக்கிறது. இதுவரை உனக்கு எழுதாமல் மறைத்த சங்கதி ஒன்று உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மூன்று ஏக்கரை இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற ஐயாவு, புதுச் சட்டப்படி தன் பெயரைக் குத்தகைதாரர் என்று பதியச் சொல்லித் தாலுக்கா ஆபீஸில் மனுப் போட்டான். பதிந்துவிட்டால் நிலம் நம்முடையதுதான், ஆனால் அவனை எழுப்ப முடியாது, வெளியாருக்கு நல்லபடி விற்கவும் முடியாது. மேடை மேடையாக உழுபவனுக்கே நிலம் என்று தொண்டை வற்றக் கத்திய உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? அது எங்கள் சொந்தச் சாகுபடி, ஐயாவு வெறும் கூலியாள் என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஐயாவு பெண்டாட்டி அம்சம் நம் வாசலை மிதிக்கவில்லை. நான் எதிரே வந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். மூன்று மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா. விசாரணை இந்தச் செவ்வாய்க்கிழமை என்று நோட்டீஸ் வந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நீ குடியிருக்கும் வீட்டுக்காரர் லெவின் ஐயா, கொச்சியில் யூத மக்களின் பழைய கோவிலைப் பார்த்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலில் வந்து இறங்கினார். தங்கமான மனுஷர். நீ எழுதியிருந்தபடி புதுச் சட்டி பானை வாங்கிச் சமைத்தேன். பாலும் கறியும் ஒரு பாத்திரத்தில் படக்கூடாதாமே, அக்ரகாரத்து மடி எல்லாம் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் நட்சத்திரம் தெரிகிறவரை அவர்களுக்கு ஓய்வு நாளாம், அடுப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடக்கூடாது. சனிக்கிழமை என்ன போடுவது என்று நான் முழிக்க, ராஜகிரி ஜெய்னுலாபுதீன் பாய்தான் பழையது இருக்குல்ல தங்கச்சி என்றார். அடுப்பே வேண்டாத சாப்பாடு! மோரும் மாவடுவும் வைத்தேன், மனுஷர் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாய் பினாங்கில் கடை வைத்திருந்தவர் அல்லவா, இங்கிலீஷை அவர்தான் தமிழாக்கினார். இனிமேல்தான் கூத்து. எழுபது வயதிலும் கடவுளை ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, இவ்வளவு காலம் ஆராய்ந்தவர் கடவுள் இல்லை என்றுதானே முடிவுக்கு வந்திருப்பார் என்று அப்பா தாமாகவே தீர்மானம் பண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் படிப்பகத்தில் கூட்டம் போட்டு, கடவுள் இல்லை, லீட்ஸ் பேராசிரியர் முழங்குகிறார் என்று ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து அய்யம்பேட்டை வரைக்கும் ஒட்டியிருந்தார். பாய் அதைப் படித்துக் காட்டியதும் லெவின் ஐயா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் பேசுகிறேன் என்றார், மைக் மட்டும் வேண்டாம் என்றார், ஓய்வு நாளாயிற்றே.

படிப்பகத்து வாசல் தூங்குமூஞ்சி மரத்தடியில் நல்ல கூட்டம். அவர் மரபில் ஞானிகள் சொன்னதாக ஒன்று சொன்னார். ஆதியில் எங்கும் கடவுளே நிறைந்திருந்தாராம், ஊசி குத்த இடமில்லையாம். உலகத்தை உண்டாக்கினால் எங்கே வைப்பது? அதனால் தம்மைத் தாமே ஒடுக்கிக்கொண்டு நடுவில் இடம் விட்டாராம், அந்த இடத்தில்தான் நாமெல்லாம் இருக்கிறோமாம். அப்பா துள்ளி எழுந்து, அப்ப இங்க கடவுள் இல்லன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க, நோட்டீஸ்ல தப்பே இல்லங்க என்றார். ஒரே கைதட்டல். இல்லாதது போல் இருப்பதுதான் அவர் இருக்கிற விதம் என்றார் லெவின் ஐயா. பாய் இதைத் தமிழில் சொல்லிவிட்டு, அல்லாவுக்கு ஒடுங்குறதும் கிடையாது விரியறதும் கிடையாது, அவர் சொன்னதச் சொல்றேன், இதுல எனக்குப் பங்கு இல்லங்க என்றும் சேர்த்துச் சொன்னார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து, இதிலென்ன அதிசயம், கைப்பிள்ளைக்காகத் தாய் பாயில் ஒதுங்கிப் படுக்கிறதில்லையா என்றேன். பாய் அதை இங்கிலீஷாக்கியதும் லெவின் ஐயா எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். எழுதக்கூடாத நாள் ஆனதால் மறக்காமலிருக்க நட்சத்திரம் தெரிகிறவரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஐயாவு எழுந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு சந்தேகமுங்க, சாமி எடம் விட்டாருன்னீங்க, விட்ட எடம் இப்ப யாரு பேர்ல இருக்குங்க என்று கேட்டான். ஊரே அப்பாவைத்தான் பார்த்தது. லெவின் ஐயாவுக்கு வழக்கு விவகாரம் ஒன்றும் தெரியாது. நாற்பது வருஷமாகப் பாடம் சொல்கிறேன், இதை ஒருவரும் கேட்டதில்லை என்று கையை விரித்துவிட்டார். நன்றியுரை அப்பாவுடையது. நன்றியுரை என்றால் முக்கால் மணி நேரம் பேசுகிறவர், எல்லாருக்கும் வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை அப்பா லெவின் ஐயாவை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு, செவ்வாய் காலை பாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாலுக்கா ஆபீஸுக்குப் போனார். நடந்ததைப் பாய்தான் வந்து சொன்னார். அதிகாரி ஆட்சேபணையைப் படிக்கச் சொன்னதும் அப்பா எழுந்து, அது நான் எழுதிக் குடுத்த பொய்ங்க, அந்த வயல்ல நான் செருப்பக் கழட்டினதே இல்லைங்க, ஐயாவுதான் குத்தகைக்காரர், பதிஞ்சுக்குங்க என்றாராம். ஐயாவு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டானாம். எனக்குக் கேட்டதும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த மனுஷருக்கு வாழ்க்கைப்பட்டதற்காக அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனால் அதுதான் நிஜம். அம்சம் இன்னும் வரவில்லை. மூன்று மாத மனக்கசப்பு மூன்று நாளில் போகுமா? நாளைக்கு நானே போகிறேன்.

இப்போது உன் விஷயம். நீ படித்துத் திரும்பியதும் அந்த நிலத்தை விற்றுக் கும்பகோணத்தில் உனக்கு ஆஸ்பத்திரி கட்டித்தருவதாக அப்பா மனக்கோட்டை கட்டியிருந்தார். வெளிநாட்டில் படிக்கும் என் மகளின் எதிர்காலம் கருதி என்றுதான் அவர் கொடுத்த ஆட்சேபணையே ஆரம்பிக்கிறது. பொய் சொன்னதைவிட அதில் உன்னை இழுத்ததுதான் அவரை அரிக்கிறது. இனி ஆஸ்பத்திரி கிடையாது. நீ வேலை பார்த்துத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது வாடகைக்கு ஒரு ரூம் பிடித்து வைத்தியம் பார்க்க வேண்டும். உனக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் வேண்டாம்.

நீ நீண்ட ஆயுளோடும் கைராசியோடும் இரு, உன் கை பட்டவர்கள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். லெவின் ஐயா வீட்டு அம்மாவுக்கு மாவடு கொடுத்தனுப்பியிருக்கிறேன், காரம் என்று சொல்லிக் கொடு. மறக்காமல் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடுதாசி போடு, இரண்டு வரி போதும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்று, அவளுக்கு எல்லாம் எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். என்ன சொல்லுவா என்றார், எட்டு ஊர் கேட்கப் பேசுகிறவர், எனக்கே சரியாகக் காதில் விழாத குரலில். நீங்க செஞ்சது சரின்னுதான் சொல்லுவா, எம் பொண்ண எனக்குத் தெரியாதா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பேச்சைக் காப்பாற்று கண்ணு.

உன் அம்மா,
து. மங்களாம்பிகை