முதலில் செய்ய வேண்டியது

அன்புள்ள வாயாடிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நம் பெண்ணுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பேச்சில் பாதி காற்றாக வருகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. யார் பெற்ற பிள்ளை! அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன். இப்போது முன்னைவிட நன்றாக ஒழுகுகிறது.

சில விஷயங்களைப் போனில் சொல்ல முடியாது. நடுவில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நர்ஸ் லைசென்ஸ் கிடைத்த அன்று நீலச் சீருடையில் படம் எடுத்து அனுப்பினாயே, அதை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். காஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம்கூட, மருமகள் முதல் தடவையிலேயே பாஸ் என்பாள். சொல்லிவிட்டு ஒரு நொடி என்னைப் பார்ப்பாள். ஒருநாள் படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பசை காய்ந்து விழுந்துவிட்டது என்றேன். பசை நன்றாகத்தான் இருந்தது.

நமக்கு ஒரே வகுப்பு, ஒரே புத்தகம். முதல் ஊசி போட்ட அன்று நீ மயங்கி விழுந்தாய்; முகத்தில் தண்ணீர் தெளித்தவன் நான். நாலு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்று நீ குழம்பியபோது, முதலில் மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லித் தந்தவன் நான். லைசென்ஸ் பரீட்சையில் நீ பாஸ். நான் இரண்டு தடவை ஃபெயில். படிப்பை முடித்தும் லைசென்ஸ் இல்லாமல் வார்டில் உதவியாளராக நிற்கிறேன். உன் மேற்பார்வையாளர் உன்னை எல்லோர் முன்னும் பாராட்டினார் என்று நீ சொன்ன அன்று, சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன். வயிறு பற்றி எரிந்தது, அதனால்தான்.

அடுத்ததைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். பரீட்சைக்காக நீ கைப்பட எழுதி அனுப்பிய நோட்டை நான் பிரிக்கவே இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறேன் என்றது சுத்தப் புளுகு. வீம்புக்கு அதைத் தூக்கி எங்கள் வார்டு நெட்டையிடம் கொடுத்துவிட்டேன். அவளை உனக்குத் தெரியாது. அவளும் என்னைப் போல உதவியாளர்தான். இருபத்துமூன்று வயது, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். மூன்றே மாதத்தில் அவள் பாஸ் செய்துவிட்டாள்! இப்போது அவள் நர்ஸ். காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்து அவளிடம் நான் சொல்ல வேண்டும். தூரத்தில் இருக்கும் பொறாமை போதாதென்று பக்கத்திலும் ஒன்றைத் தேடிக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, பரீட்சை வேறு வார்டு வேறு என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். பெயர், எண் எல்லாவற்றையும் இன்னொரு நர்ஸோடு சேர்ந்து சரிபார்த்துவிட்டு நெட்டை ஆரம்பித்தாள். முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். நின்றாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் திடீரென்று வாந்தியெடுத்து மூச்சுத் திணறவே, அண்ணா, இவரப் பாத்துக்கோங்க, ஏதாச்சும்னா கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் இடுப்பு கடுக்குது என்றார். குளிருது என்றார். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. ஏற்றுகிற ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் டாக்டருக்குப் போன் செய்ய ஓடினேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளைக் கூப்பிடவில்லை. ரத்தம் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் மனைவி போட்ட சத்தத்தில்தான், பெரியவரை இன்னொரு நர்ஸிடம் விட்டுவிட்டு நெட்டை வந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது, ரத்தத்தை நிறுத்தி, குழாயை மாற்றி, புதுக் குழாயில் சலைன் ஓடவிட்டு, பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி ரத்தப் பையை எறியாமல் பரிசோதனைக்கு எடுத்து வைத்திருந்தாள்.

பயிற்சித் தாளில் இதே கேள்விக்கு, முதலில் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் நான் போட்டிருந்தேன். அவர் வர்றதுக்குள்ள இறங்குற ரத்தத்த யாரு நிறுத்துவா என்று நீ கேட்டாய். கேள்வியே கோணல் என்று நான் கத்தினேன்.

சாயங்காலத்துக்குள் அவர் தேறிவிட்டார். அவர் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தம்பி, நீங்க அப்படி ஓடலேன்னா என் வீட்டுக்காரர் எனக்கில்ல என்று அழுதார். நெட்டை பின்னால் ட்ரேயோடு நின்றாள். நிறுத்தியது அவள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் தலைமை நர்ஸ் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ரத்தம் உடனடியாக நிறுத்தப்பட்டது என்று எழுதினேன். எப்படி, வாக்கியம்? யார் நிறுத்தியது என்றே வராது. திரும்ப ஒருமுறை படித்துவிட்டுக் கிழித்தேன். நான் ஓடினேன், அவளைக் கூப்பிடவில்லை, அவள் வந்து நிறுத்தினாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெக்கானிக்கின் மனைவியிடமும் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நெட்டையைத் தேடிப் போனார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. வேலை போகவில்லை, பயப்படாதே.

நோட்டை நெட்டையிடம் திரும்பக் கேட்டேன். அட்டை போட்டு வைத்திருந்தாள். அக்கா எழுதுனா நல்லாப் புரியுதுண்ணா என்றாள். அதற்கும் லேசாக எரிந்தது. பொறாமை போய்விட்டது என்று உனக்கு எழுத மாட்டேன், ஏற்கெனவே சொன்ன பொய்கள் போதும். ஆனால் பதினோரு பக்கம் படித்துவிட்டேன். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பரீட்சை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளாக உன் வார்டில் நடக்கும் நல்லதை நீ குறைத்துச் சொல்கிறாய். சிரிப்போடு ஆரம்பித்து, என் குரலைக் கேட்டதும் சட்டென்று பேச்சை மாற்றி, அம்மா முழங்கால் எப்படி என்கிறாய். யாருக்காக என்று எனக்குத் தெரியும். இனி அப்படிச் செய்யாதே. யார் பாராட்டினார்கள், யாரைப் பிழைக்க வைத்தாய், ஒன்று விடாமல் சொல். எனக்கு எரிந்தால் எரியட்டும். நீ சொல்லு.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன்னவன்