எண்பதுக்குக் கீழே போன குத்தகை

ஹேஸ்டிங்ஸ்
9 அக்டோபர் 2006

அன்பு மகன் ஏட்ரியனுக்கு அப்பா எழுதுவது. அடிலெய்டில் நீயும் ரோவீனாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவின் இடுப்புதான் அப்படியே இருக்கிறது. ஃபோனில் நீ கேட்டபோதெல்லாம் வீட்டு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அது பொய். எல்லாம் ஜூன் மாதமே கெட்டுப்போய்விட்டது. வாயால் சொல்லத் துணிவில்லாமல் எழுதுகிறேன்.

லிஃப்ட் இல்லாத இந்த மூன்றாம் மாடியிலிருந்து அம்மா இந்த வருஷம் போன வாரம் வரை நான்கு முறைதான் கீழே இறங்கினாள், நான்கும் ஆஸ்பத்திரிக்கு. இதை விற்றுவிட்டு பெக்ஸ்ஹில்லில் படியே இல்லாத ஒரு சின்ன வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தோம். வாங்க வந்த நர்ஸ் தம்பதிக்கு நம் வீடு பிடித்துவிட்டது, ஆனால் குத்தகையை நீட்டித் தந்தால்தான் கடன் என்று பாங்க் சொல்லிவிட்டது. நமக்குச் சொந்தம் என்பது 1987 ஜூன் 24-லிருந்து தொண்ணூற்றொன்பது வருஷம் இங்கே இருக்கிற உரிமை மட்டும்தானே, மண்ணும் கட்டடமும் குத்தகை கொடுத்த கம்பெனியுடையது. மிச்சம் எண்பது வருஷத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் நீட்டுகிற விலை எங்கோ ஏறிவிடும். அந்த நாள் இந்த ஜூன் 24. அதற்கு முன்னால் குத்தகையை நீட்டக் கேட்டு கம்பெனிக்கு முறைப்படி ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தால் பழைய விலைதான். பிப்ரவரியிலேயே நீ சொன்னாய், அம்மாவும் சொன்னாள். நான் கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். மரியாதை, வேறொன்றுமில்லை. கம்பெனியின் ஏஜென்ட் கார்பரி வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறவர், பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் இடுப்பை விசாரிப்பவர். வக்கீல் வைக்கப் போகிறேன் என்றதும், “நோட்டீசெல்லாம் சண்டைக்காரங்களுக்கு, மிஸ்டர் ஹாட்லி. நமக்குள்ள ஒரு கடுதாசி போதாதா?” என்றார். முகம் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு நோட்டீஸ் நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. மார்ச்சில் மதிப்பீட்டாளர் லீவு என்றார். ஏப்ரலில் கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை என்றார். மே மாதம் முழுக்க அடுத்த வாரம், அடுத்த வாரம். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதினேன். “அவன் நாளைக் கடத்துறான், நீ நன்றி எழுதிக்கிட்டிருக்க, வில்ஃப்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஜூலை மூன்றாம் தேதி புது விலை வந்தது, இரண்டே வரியில். நர்ஸ் தம்பதி போய்விட்டார்கள், பெக்ஸ்ஹில் வீட்டையும் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். ஆபீசுக்குப் போய்க் கேட்டால் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, “சட்டம் அப்படி இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?” என்கிறார். செப்டம்பரில் மூச்சு வாங்க மாடியேறி வந்து, வீட்டைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளத் தயார், எல்லாம் உங்கள் சிரமத்தைக் குறைக்கத்தான் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு பெக்ஸ்ஹில்லில் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. முடியாது என்றேன். ஆனால் அவர் கிளம்பும்போது, நாசமாய்ப் போன பழக்கம், ரொம்ப நன்றி என்று சொல்லித்தான் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து அம்மா, “படியைப் பாத்து எறங்கச் சொல்லு வில்ஃப், கொள்ளையடிச்ச மூட்டை கனமா இருக்கும்” என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஏன் சிரிக்க மாட்டார், எந்தச் சட்டத்தையும் அவர் மீறவில்லையே. நம்மைப் போன்றவர்களுக்குக் குரலை உயர்த்த வெட்கம் என்று இவர்களுக்குத் தெரியும். அந்த வெட்கத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

இன்னும் தள்ளினால் விலை இன்னும் ஏறும் என்பதால், பெக்ஸ்ஹில்லுக்கென்று வைத்திருந்த பணத்தைக் குத்தகையை நீட்டவே போட்டுவிடுவது என்று முடிவு செய்து போன வியாழக்கிழமை நோட்டீஸ் கொடுத்தோம். கொண்டுபோக என்னை அம்மா விடவில்லை. “நீ போனா டீ குடிச்சிட்டு வருவ” என்றாள். என் பழைய கோட்டை அடியில் போட்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஐம்பத்திநாலு படியும் இறங்கினாள். கை கொடுத்தேன், தட்டிவிட்டாள். ஆபீசில் கார்பரி நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றே, நோட்டீஸ் கிடைத்த நேரம் உட்பட அவரை எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினாள். திரும்பி வந்ததும் கீழ்வீட்டுக்காரரும் நானும் அவளைச் சமையலறை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தோம். மேலே வந்து சேர்ந்ததும், “இனி என்னைப் பொட்டியில வச்சுத்தான் எறக்கணும்” என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

பணம் எதுவும் அனுப்பாதே, பிள்ளைகளுக்குச் செய். பரவாயில்லை அப்பா என்று பதிலும் எழுதாதே. உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள், எந்தக் குறையும் இல்லாமல் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் செய். மணி அடித்ததும் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். உன்னிடமாவது பேசட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வில்ஃப்ரெட் ஹாட்லி