பழைய பெட்டியும் புவனேசன் மீசையும்

என்னங்க,

கம்ப்யூட்டர் ஓடுது! நேத்து ராத்திரி நீங்க ஃபேக்டரிக்கு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பின கையோட உட்கார்ந்தேன். உங்க கார் ரேஸ் கேம் கொஞ்சம்கூடத் திணறாம ஓடிச்சு.

வெளிநாட்டுல இருந்து புதுசா வரவழைக்கணும்னு என்ன ஆட்டம் ஆடினீங்க! வரியும் கப்பல் கூலியும் சேர்ந்தா விலை எங்கேயோ போயிடும்னு சொன்னேன். அன்னிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. பாடாங் செராயில மூடின ஆபீஸ்லேர்ந்து இந்தப் பழைய பெட்டியை நான் தூக்கிட்டு வந்தப்ப, "இந்தக் குப்பையில கேம் ஓடினா என் மீசையை எடுத்துக்கிறேன்"னு உங்க தம்பி முன்னாலயே சொன்னீங்க. கிராஃபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் மட்டும்தான் புதுசு. நானேதான் மாட்டினேன்.

சாமி படத்துக்கிட்ட எலுமிச்சம்பழம் இருக்கு. புதுக் காருக்குப் போடுற மாதிரி பூசை போடுங்க. விபூதியை மட்டும் ஃபேன் பக்கம் பூசிடாதீங்க, உள்ள இழுத்துக்கும்.

சோறு ஆக்கிட்டேன், நெத்திலி சம்பல் சட்டியில இருக்கு. சாப்பிட்ட கையோட கீபோர்டைத் தொடாதீங்க.

மத்தியானம் உங்க தம்பி பண்டார் பாருலேர்ந்து பார்க்க வருவாரு. பார்க்கட்டும், தொட வேணாம்லா. சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்ததும் முதல் ரேஸ் நீங்களும் நானும்தான்.

சாந்தினி

பி.கு.: கண்ணாடிக்குப் பக்கத்துல புது பிளேடு வச்சிருக்கேன்.

இன்னொண்ணு: நிஜமாவே எடுத்துடாதீங்க. அந்த மீசையைப் பார்த்துத்தான் நான் கழுத்தை நீட்டினேன். பிளேடு மட்டும் உங்க தம்பி வந்துட்டுப் போற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.