இரண்டு கையெழுத்து வேண்டிய ஃபாரம்

ஈஜிபுரா, பெங்களூர்
16.1.2005, ஞாயிறு மாலை

என் நினைவை விட்டு நகராத உங்களுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஃபோனில் கேட்டால் ‘ம்’ என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா?

இந்தக் கவருக்குள் ஒரு ஃபாரம் மடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் எடுக்கச் சொன்ன ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஃபாரம்தான். உங்கள் கையெழுத்துக்காக அனுப்புகிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைப் பிரியுங்கள். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று அதன் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கட்டத்துக்குள் படித்து நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. நான் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

காலையில் நீங்கள் ஃபோன் செய்தபோதே சொல்லிவிட நினைத்தேன். ஆனால் ஃபோன் இருப்பது கீழே வீட்டுக்கார காந்தா அம்மா வீட்டில்தானே, அவர் பக்கத்திலேயே அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் ஊர் மொச்சையைத்தான் இங்கே அவரைக்காய் என்கிறார்கள்; இப்போது அதன் காலம், தெரு முழுக்க அந்த வாசனைதான். நான் ரிசீவரை வைத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மாத்தாடும்மா, வாயைத் திறந்து பேசு! மஸ்கட்லேருந்து பாவம் அவன் காசு போட்டுப் பேசறான், நீ உம் உம்னு மாடு மாதிரி தலையாட்டறே. தலையாட்டறது அவனுக்குத் தெரியுமா?” என்றார். நான் சிரித்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். எனக்குப் பேச்சு வராதது உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் அம்மாதானே பதில் சொன்னாள்.

தலைப் பொங்கல் நீங்கள் இல்லாமலே போய்விட்டது. திருப்பத்தூரிலிருந்து அம்மா சீர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கரும்புக் கட்டை பஸ்ஸுக்குள் ஏற்றக் கூடாது என்று கண்டக்டர் சொன்னாராம், சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். உங்களுக்கு எடுத்த வேட்டியும் சட்டையும் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. சட்டை நாற்பது அளவு. அங்கே போய் இளைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும்.

இன்னொரு செய்தி. நான் கன்னட எழுத்து படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். சிக்னல் பக்கத்து பேக்கரி போர்டில் நீங்கள் தினமும் தப்பாகப் படிப்பீர்களே, அது இப்போது எனக்குச் சரியாகத் தெரியும். நீங்கள் வந்தால்தான் சொல்வேன்.

இனி ஃபாரம் விஷயம். நீங்கள் நம்பர் கொடுத்த ஏஜென்ட் இராஜமாணிக்கம் ஐயா போன சனிக்கிழமை அத்திபெலேயிலிருந்து வண்டியில் வந்தார். நான் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்து மாடிக்கு வராமல் கீழே படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர். காந்தா அம்மாவும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வழி இருக்கிறதாம். எனக்கு மட்டும் தனியாக ஒரு பாலிசி எடுக்கலாம். அதற்கு நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதும், பதினைந்து நாளில் கார்டு வந்துவிடும். இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அதற்கு உங்கள் கையெழுத்தும் வேண்டும். “கவியரசன் தம்பிக்கு மஸ்கட்ல இது செல்லாதும்மா. இங்க வந்தாத்தான் உபயோகம். இப்போதைக்கு நீ மட்டும் எடுத்துக்கோ” என்றார் ஐயா. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, “வருவாரு இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டேன். காந்தா அம்மா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஐயா சேர்த்து எடுக்கிற ஃபாரத்தையே எடுத்து எழுத ஆரம்பித்தார். வியாதிப் பக்கம் வந்தது. சர்க்கரை, பிரஷர், இதயம், காசம், வலிப்பு என்று வரிசையாக இருந்தது. அவர் என்னைக் கேட்கவே இல்லை. “சின்னப் பொண்ணு, உனக்கென்ன” என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுக்கொண்டே போனார். நான் இன்னொரு ஃபாரம் கேட்டேன். எதற்கு என்றார். நானே நிரப்பிக்கொள்கிறேன் என்றேன். எங்கள் தெருவில் ரேஷன் கார்டோ, பஸ் பாஸோ, முதியோர் பென்ஷனோ, யார் ஃபாரமானாலும் ஏழாவது படிக்கும்போதிலிருந்து நான்தான் நிரப்புவேன். படித்த பெண் என்று என் கையில் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றில்கூட நான் பொய் எழுதியதில்லை.

எனக்கு வலிப்பு இருக்கிறது.

பதினான்கு வயதில் ஆரம்பித்தது. கடைசியாக வந்தது காலேஜ் இரண்டாம் வருடம், பரீட்சை ஹாலில். கண் விழித்தபோது என் கையில் வாட்ச்மேனின் சாவிக்கொத்து இருந்தது. இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று யாரோ திணித்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குப் பாதி எழுதியிருந்தேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்றரை வருடமாக வரவில்லை, மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை.

கல்யாணம் பேசும்போது உங்கள் அம்மா, “பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டார்கள். “சளி கூடப் பிடிக்காதுங்க” என்று அம்மா சொன்னாள். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.  தாலி ஏறட்டும், அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம் என்றாள் அம்மா. தாலி ஏறியது. இந்தப் பொங்கலுக்கு வந்தபோது, ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்கிறாள். ஆனால் வேலூர் டாக்டர் என்னிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன்னால் புருஷனையும் கூட்டிக்கொண்டு தன்னிடம் வந்து மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் பேசாமல்தானே நின்றேன்.

நாம் சேர்ந்திருந்தது நாற்பத்து மூன்று நாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் சமையலறைக்குள் போவேன். அங்கே இரண்டு நிமிஷம் என்ன பண்றே என்று ஒரு நாள் கேட்டீர்கள். சாமி கும்பிடுகிறேன் என்றேன். மறுநாளிலிருந்து ஏழு மணியானால் நீங்களாக டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவீர்கள். நான் உள்ளே, ஆண்கள் கை வைக்காத மசாலாப் பொட்டலத்துக்குள் ஒளித்து வைத்த மாத்திரையை எடுத்து விழுங்குவேன். நீங்கள் சத்தத்தைக் குறைத்த அந்த ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரை வந்து நின்றிருக்கிறேன். நான் வந்ததும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, வந்து உட்கார் என்று பக்கத்தில் இடம் விடுவீர்கள். உட்கார்ந்துவிடுவேன். அந்த இடத்தை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

காந்தா அம்மா உள்ளே போனதும் ஐயாவிடம் மெதுவாகக் கேட்டேன். உண்மையை எழுதினால் அந்த வியாதிக்குப் பணம் தரமாட்டார்களாம், சில சமயம் ஃபாரத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மறைத்து எழுதிப் பின்னால் தெரிந்தால் பாலிசியே செல்லாதாம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பிக்குத் தெரியுமாம்மா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “அப்ப தனி பாலிசியே எடும்மா. உண்மையவே எழுது. அது கம்பெனிக்குப் போகும், வேற யார் கண்ணுக்கும் படாது. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, அதனால சொல்றேன்” என்றார். வண்டியை எடுக்கும் முன் தனி ஃபாரம் ஒன்று, சேர்த்து எடுக்கிற புது ஃபாரம் ஒன்று, இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் இரண்டும் மேஜை மேல் கிடந்தன. தனி ஃபாரத்தை எடுத்து என் பெயரைக்கூட எழுதிவிட்டேன். பெயருக்குக் கீழே உங்கள் பெயருக்கு இடமே இல்லை. அது எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. நேற்று சேர்த்து எடுக்கிற ஃபாரத்தை நிரப்பினேன். கம்பெனி என்ன சொல்லுமோ தெரியாது. அவர்கள் வேண்டாமென்றால் வேறு கம்பெனியைப் பார்க்கலாம் என்கிறார் ஐயா.

கையெழுத்துப் போட மனம் வரவில்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள், புரிந்துகொள்வேன். காரணம் எழுத வேண்டாம். கோபமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் மட்டும் செய்யாதீர்கள். அந்த வீட்டில் நின்றுகொண்டு என்னால் அழக்கூட முடியாது. கோபமில்லையென்றால் தயவுசெய்து செய்யுங்கள். காந்தா அம்மா இருந்தாலும் பரவாயில்லை, இந்தத் தடவை பேசுகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் என் பெயருக்கு நேராக இருக்கிற கட்டங்களை நிரப்பிவிட்டேன். உங்கள் பெயருக்கு நேராக இருப்பதைத் தொடவில்லை. உங்களுக்கு என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லையே. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கீழே என் கையெழுத்தை இப்போதே போட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
விஜி