பின்சீட்டு முழங்கால்

மார்ச் 3, திங்கள்

வலது முழங்கால். சில்லுக்கு அடியில், விரல் வைத்துத் தொட முடியாத இடத்தில்.

கடையில் குழந்தைகளுக்கான கண்ணாடி பிரேம்கள் எல்லாம் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. யார் செய்த புண்ணியமோ. இன்று ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீலம் வேண்டும் என்றாள் மகள். உட்கார்ந்து எடுத்தேன், எழ முடியவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரி எழுந்தேன். முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வயசாகுதுல்ல" என்றாள். அவள் என்னைவிட மூத்தவள். உட்கார்ந்தே பில் போடுகிறவளுக்கு முழங்கால் எதற்கு?

இது நேற்றைய ஞாயிற்றுக்கிழமையின் வேலை. எங்கள் இரட்டை சைக்கிளின் வேலை. ஒரு சட்டம், இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், எல்லாம் ஒரே ஓட்டமாகச் சங்கிலியில் கோத்தது. முன்னால் இவர், பின்னால் நான். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் இவர் கையில். என் பங்குக்கு இவர் முதுகு. இவர் மிதித்தால் என் காலும் சுற்றியே ஆகவேண்டும், இவர் நிறுத்தினால்தான் எனக்கும் ஓய்வு. கல்யாணத்தை யாரோ இரும்பில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

சைக்கிள் கிளப்பில் எனக்குப் பெயர் பின்சீட்டு. "பின்சீட்டு வரலையா?", "பின்சீட்டுக்குத் தண்ணி குடுங்க." பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

பாலத்து ஏற்றத்தில் சொன்னேன். "என்னங்க, கியரக் கொறைங்க. முட்டி வலிக்குது."

முதுகு பதில் சொன்னது: "சின்ன கியர்ல மிதிக்கிறது கொழந்தைங்க வேல."

அப்புறம் காபிக் கடையில், எல்லார் முன்னாலும்: "இவளுக்கு முட்டி வலியாம். வாய்க்கு மட்டும் ஒரு நாளும் வலி வந்ததில்ல." எல்லாரும் சிரித்தார்கள். கிளப் தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் ஆறவில்லை. ஏன் சிரித்தேன்?

மார்ச் 12, புதன்

பிசியோவிடம் போனேன். முழங்கால் பார்க்கிற இடம் மூன்றாவது மாடியில், லிப்ட் பழுது. ஏறி வருகிறவர்கள் நோயாளிகள், ஏற முடியாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் போல.

சின்னப் பெண். கை மட்டும் இடுக்கி. சில்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உட்கார்ந்து எழச் சொன்னாள். முழங்காலுக்குள்ளே மணல் அரைபட்டது, அவளுக்கே கேட்டது.

"கனமான கியர்ல மெதுவா அழுத்தி மிதிக்கிறீங்க. பாரம் பூரா சில்லுக்கு அடியில விழுது. லேசான கியர் போட்டு வேகமா சுத்துங்க, சீட்டயும் கொஞ்சம் ஏத்துங்க. சரியாயிடும்."

"சரியாகலைன்னா?"

"இப்படியே ஓட்டினீங்கன்னா அம்பது வயசுல மாடிப்படி எறங்குறதுக்கு ஆள் தொணை வேணும்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கியர் மாத்துறது ஒங்க கையில தானக்கா இருக்கு?"

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

சொன்னேன். என் பழைய நைட்டியைக் கிழித்துச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு மொதல்ல சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"சீட்டயாவது ஏத்துங்க."

"ஏத்துனா என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டு வருவ. காத்துல இழுக்கும்." பிறகு, ஏதோ கணக்குப் பாடத்தை முடிப்பவர் போல: "ரெண்டு பேரும் ஒரே பெடல் தான மிதிக்கிறோம்? எனக்கு வலிக்கலையே. அப்ப கோளாறு சைக்கிள்லயா, ஒங்கிட்டயா?"

ஜூனில் மலை ஓட்டம், கிளப்பின் சைக்கிள் பந்தயம். போன வருஷம் ஜோடிகளில் மூன்றாவதாக வந்தோம். இந்த வருஷம் முதலாவது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டுமாம். என் பல், என் முட்டி, இவர் கோப்பை.

சைக்கிளை மட்டும் தினமும் துடைக்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

போனோம். வந்தோம். ஐஸ் வைத்துக்கொண்டு படுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பாலத்து ஏற்றத்தில் வலி தாங்கவில்லை. கத்தினால் காபிக் கடையில் இன்னொரு நகைச்சுவைக்கு ஆவேன். கத்தாமல் காலைத் தளர்த்தினேன். மிதிக்கவில்லை. பெடல்மேல் பாதத்தைச் சும்மா வைத்தேன், அவ்வளவுதான். பெடல் தானாகச் சுற்றியது, என் காலையும் சுற்றிக்கொண்டு போனது. வலி இல்லை. துளிகூட இல்லை. தொட்டிலில் வைத்து ஆட்டுகிற மாதிரி.

முன்னால் முதுகு நனைய ஆரம்பித்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மேலே வந்ததும் வாயால் மூச்சு விட்டபடி, "இன்னிக்கு எதிர்க்காத்து ஜாஸ்தி" என்றார்.

ஒரு இலை அசையவில்லை.

"ஆமாங்க, ரொம்ப ஜாஸ்தி" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

மூச்சு வாங்குவதுபோல நடிக்கக் கற்றுக்கொண்டேன். அதிகம் வாங்கக் கூடாது, சந்தேகம் வரும். ஏற்றத்தில் இரண்டு, திருப்பத்தில் ஒன்று. நெற்றியில் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து வியர்வைக்கும் ஏற்பாடு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "முட்டி எப்படி இருக்கு?"

"போயிடுச்சு."

"அப்பவே சொன்னேன்ல, மிதிக்க மிதிக்கப் போயிடும்னு." என்னை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குளிக்கப் போனார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிசியோவுக்கு ஒரே சந்தோஷம். கடையில் கீழ் இழுப்பறை முன்னால் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்ததைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னாள்.

"சார் ஒத்துக்கிட்டாரா, லேசான கியருக்கு?"

"ஒரு வழியா" என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிளப் தலைவரும் அவர் மனைவியும் எங்களைத் தாண்டிப் போனார்கள். போகிறபோக்கில் தலைவர் திரும்பி, "என்ன மாப்ள, வயசாயிடுச்சா?" என்றார். இவர் முகத்தைப் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை, பின்சீட்டுக்குக் காது மட்டும்தான் தெரியும். அது சிவந்தது. பிடரிவரை சிவந்தது.

என் உச்சி குளிர்ந்துவிட்டது. இதைப் படிக்க யாரும் இல்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? கியரைக் குறைப்பார் என்று பார்த்தால் ஒரு படி கூட்டினார். கூட்டட்டும். எவ்வளவு கூட்டினாலும் எனக்கு எடை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

படியிறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறார். நண்டு.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஐஸ் தட்டு காலி. கூடத்தில் செய்தித்தாளை மடியில் விரித்துப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். தாளுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னங்க அது?"

"எது?"

"ஒண்ணுமில்ல" என்று நானே சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். இடது முழங்கால். எனக்கு வலது, இவருக்கு இடது. ஜோடிப் பொருத்தம்.

மே 4, ஞாயிறு

மகள் போன் செய்தாள். "அப்பா குரல் ஒரு மாதிரி இருக்கும்மா. ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காரு. மலை ஓட்டத்துக்குத் தயாராகுறாரு, அந்த அலுப்பு."

அவளுக்கு அப்பா என்றால் உயிர். போனை வைத்தேன். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். பக்கத்து அறைதான். என்னவென்று சொல்வது? "ஆறு வாரமா ஒங்கள இழுக்க வெச்சேன், மன்னிச்சிடுங்க" என்றா? இவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டிருந்தால் — எத்தனை தடவை இதையே நினைப்பேன்?

சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

பாலத்து ஏற்றம். பாதியில் இவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகல். இத்தனை வருஷத்தில் இவரிடமிருந்து நான் கேட்டதில்லை, தன் அப்பா செத்தபோதுகூட.

நான் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் போதும். என் கால்கள் நன்றாக இருந்தன. பத்து வருஷத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. பாதம் பெடல்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது இடம் வலமாக ஆடுவதை, சட்டை உப்புப் பூத்துக் கிடப்பதை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. எதற்கு இன்னும் கொஞ்சம்? என்ன ஆகவேண்டும் என்று காத்திருந்தேன்?

நான் இவ்வளவு மோசமானவளா என்றால், ஆமாம் போலிருக்கிறது.

மே 20, செவ்வாய்

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லிப்ட் இன்னும் பழுது. மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். நான் முன்னால் ஏறிப்போய் மேலே நின்றேன்.

பிசியோ தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். வீங்கி நீர் கோத்திருக்கிறது. "இவ்ளோ முத்தவிட்டுட்டு வந்திருக்கீங்களே சார். எத்தன நாளா வலிக்குது?"

"கொஞ்ச நாளா."

"அக்காவுக்கு வந்த அதே எடம்தான், ஆனா இது ரொம்ப மோசம். ரெண்டு பேரா ஓட்டுற சைக்கிள்ல ஒருத்தருக்கு மட்டும் எப்படி இப்படி?"

சுவரில் கால் எலும்புப் படம் ஒன்று தொங்குகிறது. அதில் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வயசு" என்றார்.

மலை ஓட்டம் கிடையாது. சைக்கிளே கிடையாது, அவள் சொல்லும்வரை.

மே 22, வியாழன்

தலைவருக்குப் போன் செய்து பெயரை எடுக்கச் சொன்னார். "வீட்டுல வேல" என்றார். முழங்கால் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு உள்ளங்கையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் எடுத்துப்போய்க் காலைப் பிடித்துவிட்டேன். காலை நகர்த்திக்கொள்ளவில்லை. எனக்கு இரக்கமாக இருந்தது. அதுவும் பொய்யில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் சட்டென்று சொன்னார். "நீ முன்னாடி ஒக்காரு. நான் பின்னாடி சும்மா காலச் சுத்திக்கிறேன். அந்தப் பொண்ணு சுத்தச் சொல்லியிருக்கா, அழுத்தக் கூடாதாம்."

முன்சீட்டு. வாழ்க்கையில் முதல் தடவை. தெருமுனைவரை குடிகாரி மாதிரி ஆடி ஆடிப் போனேன். அப்புறம் பிடிபட்டது. எதிரே முதுகு இல்லை. சாலை இருந்தது, மரங்கள் இருந்தன, ஒரு நாய் குறுக்கே போனது. லேசான கியரில் போட்டேன். இதற்காகவா இத்தனை வருஷம்?

பாலத்துக்கு முன்னால், சமதளத்தில், இவர் ஒரே ஒரு தடவை அழுத்தினார். மறந்துபோய் அழுத்தினாரோ, வேண்டுமென்றேதானோ. என் பாதத்துக்கு அடியில் பெடல் நழுவிப் போனது, யாரோ கையிலிருந்த சுமையை வாங்கிக்கொண்ட மாதிரி. உடனே விட்டுவிட்டார். சுமை முழுதும் என்மேல் திரும்பி வந்தது.

அப்போதுதான் புரிந்தது. முன்னால் இருப்பவருக்கு இது தெரியாமல் போகவே போகாது. பின்னால் கால் தளர்ந்தால் அரைச் சுற்றில் தெரிந்துவிடும். காற்று என்று ஒருக்காலும் தோன்றாது. கை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஓரமாக நிறுத்தினேன். ஹேண்டிலை விடவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

எது என்று கேட்கவில்லை. "மொத நாளே."

"ஏன் சொல்லல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்."

ஒரு லாரி கடந்து போனது. "முட்டி போச்சேங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் கத்துவேன்னு தான நீ காத்திருந்த. கத்தக் கூடாதுன்னு இருந்தேன்." தண்ணீர் குடித்தார். பாட்டிலை எனக்கும் நீட்டினார். "போலாமா?"

நடிப்பையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். நெற்றியில் ஊற்றிக்கொண்ட தண்ணீரை. அந்த மூச்சுகளை இவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். உடம்பெல்லாம் கூசியது.

ஜூலை 13, ஞாயிறு

நான் முன்னால். போனோம். வந்தோம்.

ஜூலை 30, புதன்

பிசியோ முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "சூப்பர் சார். இனிமே தாராளமா அழுத்தி மிதிங்க" என்றாள். என் காதால் கேட்டேன். இவரும் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவர் மிதிக்கவில்லை. வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தது. பாதம் பெடல்மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் கேட்கவில்லை.

பாலத்து ஏற்றத்தில் கியரைக் குறைத்திருக்கலாம். என் கையில்தான் இருக்கிறது. குறைத்தால் பின்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்படியே ஏறினேன். பாதிக்கு மேல் வலது முழங்காலில் மணல் அரைபட ஆரம்பித்தது. பின்னாலிருந்து மூச்சுச் சத்தமே இல்லை. இவர் நடிக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். "வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.