தொட்டிச் சுவரில் ஒளிர்ந்த அட்டை

செப்டம்பர் 23, செவ்வாய்

என் அட்டையை இன்று தெரணியகலை ரப்பர் பெக்டரியில் மாட்டினார்கள். ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா கலக்கும் தொட்டி அறைச் சுவரில். ஊதா டோச் லைட் அடித்தால் அட்டையில் நான் பூசிய சாயம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். வாயு கசிந்தால் ஒளி அணையும்; உள்ளே போகக்கூடாது. அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது. இங்கே வருமா? அந்தத் தொட்டியில் வேலை செய்வது என் அக்கா மல்லிகா. வருஷக்கணக்காக முகர்ந்து முகர்ந்து அவளுக்கு மூக்கு மரத்துவிட்டது. அவளுக்காகத்தான் இதை ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 26

அக்காவுக்குப் போன். "நல்லா எரியுது பாப்பா. வேல நேரத்துல சும்மா சும்மா எடுக்காத, எனக்குத்தான் ஏச்சு விழுது."

அக்டோபர் 2

வால்வு கசிந்திருக்கிறது. அக்கா உள்ளே விழுந்து கிடந்தாளாம். கூட வேலை செய்யும் அழகம்மாதான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போய் இழுத்து வந்தாள். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை போகாதென்று டாக்டர் சொல்கிறார். போகாதுதானே?

"டோச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் போனா. பளிச்சின்னு இருந்துச்சு, நானும் பாத்தேன்" என்கிறாள் அழகம்மா.

பளிச்சென்றா? ஐயோ, என்னத்த செஞ்சு வச்சேன் நான்?

அக்டோபர் 3

அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அதன் மேல் அப்பியிருந்தது மஞ்சள், நடுவில் குங்குமம். நேற்று முன்தினம் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தவர்கள் இதற்கும் வைத்திருக்கிறார்கள். மஞ்சளும் ஊதா வெளிச்சத்தில் ஒளிரும். என் சாயம் அணைந்த பிறகும் மஞ்சள் எரிந்திருக்கிறது. இந்தத் தோட்டத்தில் பிறந்த எனக்கு இது தோன்றவில்லையே!

பெக்டரியை நடத்தும் துரை பின்னால் வந்து நின்றார். "யாராச்சும் இதுல கை வச்சிருந்தா சொல்லுங்க. நாளைலருந்து அவங்களுக்கு வேல இல்ல."

அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 4

"அட்டைக்குப் பொட்டு வச்சது யாரு அக்கா?"

"நான்தான். என் தங்கச்சி செஞ்சது, அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?"

கண்கட்டோடு சிரிக்கிறாள். நான் வெளியே போய் அழுதேன்.

அக்டோபர் 6

துரையிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: அட்டையில் பழுது, தவறு என்னுடையது. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 15

கை படாதபடி வலைமூடி போட்டுப் புது அட்டை கொண்டுபோனேன். துரை வாங்கவே இல்லை. "ஒரு வாட்டி பட்டது போதும்."

அக்டோபர் 27

அக்கா வேலைக்குப் போய்விட்டாள். கண் நன்றாகத் தெரிகிறது. இனி ரப்பர் ஷீட் காய வைக்கிற இடத்தில்தான் வேலையாம், தொட்டிப் பக்கமே போக வேண்டாமாம். அப்பாடா என்றிருந்தது.

"அடுத்த வாட்டியாச்சும் கவனமா செய் பாப்பா" என்று புத்தி சொன்னாள்.

தொட்டியில் இப்போது யார் என்று கேட்டேன்.

"அழகம்மா."